குரோட்டன்ஸ் காதில் ஒரு ரகசியம்

அத்தியாயம் 14

டவுன் பஸ்ஸிலிருந்து திருத்தங்கலில் இறங்கியதும் செல்லத்தாய் முதலில் செய்த காரியம், சேலைத் தலைப்பை இழுத்து முக்காடு போட்டுக்கொண்டதுதான். யாராவது கேட்டால் வெயிலுக்கு என்று சொல்லிக்கொள்ளலாம். பத்து மணிக்கே அதற்குத் தோதாக வெயில் கொளுத்தியது.

இருபத்தாறு வருஷம் குடித்தனம் நடத்திய தெருவுக்குள் திருடியைப் போல நுழைய வேண்டியிருக்கிறதே என்று நினைத்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. 

நாலு மாதம். தாயில்பட்டியில் அண்ணன் காளீஸ்வரன் வீட்டில் நாலு மாதச் சோறு தின்றாயிற்று. அண்ணன் ஒரு சொல் சொல்லவில்லை. அண்ணன் பெண்டாட்டி முகம் சுளிக்கவில்லை. அதுவே பெரிய பாரமாக இருந்தது. கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு மில்லில், பெண்கள் விடுதிக்குச் சமையல் ஆள் வேண்டும் என்று யாரோ சொன்னதும், போன வாரம் சரி என்று வாயை விட்டுவிட்டாள். நாளைக் காலையில் பஸ். போனால் பொங்கலுக்குத்தான் லீவு.

மாற்றுச் சேலைகளையும் ஒரு கம்பளியையும் எடுத்துக்கொண்டு போகத்தான் இன்றைக்கு வந்தாள். பதினொரு மணிக்கு அண்ணன் பைக்கில் வந்து தெருமுனையில் நின்று ஹாரன் அடிப்பார். உள்ளே வரமாட்டார். மச்சான் முகத்தில் முழிக்க அவருக்கு இஷ்டமில்லை.

"அப்பா காலண்டர் கம்பெனிக்குக் கெளம்புனப்புறம் வாம்மா. சாவிய ஷரீஃபு அத்தைகிட்ட குடுத்துட்டுப் போறேன்" என்று மகள் எழில் போனில் சொல்லியிருந்தாள்.

பக்கத்து வீட்டு ஷரீஃபுன்னிசா கதவைத் திறந்தவள், சாவியை நீட்டவில்லை. கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"வாங்கக்கா. மொதல்ல உக்காருங்க. எப்பிடி இளைச்சுப் போயிட்டீக!"

"உக்கார நேரமில்ல ஷரீஃபு. சாவியக் குடு."

"சாவி எதுக்கு? வீடு தொறந்துல்ல கெடக்கு. உங்க வீட்டு அண்ணன் உள்ளதான் இருக்காக."

செல்லத்தாய் குரலைத் தாழ்த்தினாள். "கம்பெனிக்குப் போகலையா?"

"இன்னிக்கு மாசாந்திரக் கரெண்ட் கட்டுல்ல? காலையிலருந்து சாயங்காலம் வரைக்கும் ஊர்ல ஒரு மெஷினும் ஓடாது."

அடுப்படியிலிருந்து வெங்காயக் கையோடு எட்டிப் பார்த்தது ஒரு முகம். எழில்.

"நீயுமா?"

"எங்க பிரஸ்ஸும் கரெண்டுலதானம்மா ஓடுது" என்றாள் எழில், கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்கிறவள், பத்திரிகையில் அச்சடித்த மணப்பெண்ணைப் போலத் தலையைக் குனிந்துகொண்டு.

"இன்னிக்குக் கட்டுன்னு உனக்கு முந்தியே தெரியும்."

"பேப்பர்லயே போட்டிருந்தான்."

"பெத்தவளையே ஏமாத்துறியா?" என்று செல்லத்தாய் பையைத் தூக்கினாள். கதவுத் தாழ்ப்பாளில் கை வைத்தும்விட்டாள். அப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அந்தக் குரல் கிளம்பியது.

"ஏலே கத்தாழை!"

தெருவே ஒரு தரம் அதிர்ந்து அடங்கியது. செல்லத்தாயின் கை தாழ்ப்பாளிலேயே நின்றது.

அவள் புருஷன் சோலைமலை, பட்டாசுக் கம்பெனி ஒன்றில் பதினெட்டு வருஷம் டெஸ்ட் அடித்தவர். ஒவ்வொரு லோடு ரெடியாகும்போதும் அதில் நாலைந்தை எடுத்து, பின்பக்கப் பொட்டலில் வைத்துக் கொளுத்தி, சத்தம் சரியா என்று பார்த்துச் சொல்லும் வேலை. சத்தம் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. இடது காது முழுசாகப் போயிற்று. வலது காது, பக்கத்தில் வந்து கத்தினால் பாதி வார்த்தையைப் பிடிக்கும். பட்டாசு வேலையை விட்டுக் காலண்டர் பேக்கிங்குக்கு மாறி மூன்று வருஷம் ஆகிறது. செடிப் பைத்தியம் பிடித்ததும் அப்போதுதான். பிரஸ்காரர்கள் தூக்கிப் போடும் இங்க் டப்பாக்களைக் கழுவி மண் நிரப்பி, வீட்டு முன்னால் கிரில் போட்ட வராந்தாவில் வரிசையாக வைத்தார். மஞ்சள் டப்பா, நீல டப்பா, கறுப்பு டப்பா. பிறகு அவற்றோடு பேச ஆரம்பித்தார்.

அவர் நினைப்பு என்னவென்றால், தான் குசுகுசுவென்று பேசுகிறோம் என்பது.

சுவருக்கும் காது உண்டு என்பார்கள். அந்தத் தெருவில் காது இல்லாதவர் அவர் ஒருத்தர்தான். அவர் செடியிடம் சொல்லும் ரகசியம் முக்கு டீக்கடை வரைக்கும் போய்விட்டுத்தான் அடங்கும். ஆனாலும் இத்தனை நாளில் ஒரு ஆள் அவரிடம் போய், "அண்ணே, எல்லாம் எங்களுக்குக் கேக்குது" என்று சொன்னதில்லை. யாருக்கும் மனசு வரவில்லை. கொஞ்சம் ருசியும் கண்டுவிட்டார்கள்.

"உக்காருங்கக்கா" என்றாள் ஷரீஃபுன்னிசா மெதுவாக. "கரெண்ட் போனா எங்க வீட்டு டிவிதான் நிக்கும். உங்க வீட்டு சீரியல் நிக்காது."

"ஏலே கத்தாழை, கத்துறது பூராவும் நானு, பேரு மட்டும் உனக்கா? ஒரு நாளாவது ஒரு சத்தம் குடுத்திருக்கியாலே?" தண்ணீர் ஊற்றும் சத்தம். "மணி பிளான்ட்டு, உன்னைய வெச்சா வீட்டுல மணி கொட்டும்னு சொல்லித்தான் தந்தான். கொட்டலைன்னா போகுது. செவுத்துக் கடிகாரம் நின்னு மூணு நாளாச்சு, மணி என்னன்னாவது சொல்லக் கூடாதா?"

எதிர்வீட்டு மாடியில் யாரோ இருமுவது போலச் சிரித்தார்கள்.

"வாங்க சார், வாங்க. பத்து மணிக்குக் கரெக்டா வந்துட்டாரு பத்துமணிப் பூ. சாயங்காலமானா மூடிட்டுக் கெளம்பிருவாரு. தாலுகா ஆபீஸ்ல சேர வேண்டிய ஆளு, தவறிப்போயி இங்க் டப்பாவுல சேர்ந்துட்டாரு... நீ என்னத்தா கறிவேப்பிலை, மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கே? தாளிக்கயில உன்னையத்தான் மொதல்ல கூப்புடுவாக. எலையில மொதல்ல ஒதுக்குறதும் உன்னையத்தான். மனசுல வெச்சுக்கிறாத. மச்சான் வீட்டுல என் பொழப்பும் அதேதான்."

எழில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். செல்லத்தாய்க்கும் உதடு துடித்தது. கடித்துக்கொண்டாள்.

இந்தக் குரலை வீட்டுக்குள் இருந்தபோது இப்படி உட்கார்ந்து கேட்டதில்லை அவள். தெருவுக்குக் கேட்கிறதே என்று பதறி, ஏதாவது சாக்கில் அவரை உள்ளே அழைக்க ஓடுவதிலேயே பாதி நேரம் போய்விடும். அவர் என்ன பேசினார் என்பது பாதிதான் காதில் விழும். விழுந்ததில் ஒன்று, நாலு மாதத்துக்கு முந்தியது, இன்னும் முள்ளாகக் குத்துகிறது.

எழிலுக்கு முன்னால் ஒரு பையன் பிறந்து மூன்றாம் நாள் போய்விட்டான். இருபத்து நாலு வருஷக் கதை. ஒவ்வொரு வருஷமும் அந்த நாளில் அவள் கொல்லைப்பக்கம் முதுகைத் திருப்பி உட்கார்ந்து அழுவாள். யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தாள். இந்த வருஷம், மறுநாள் காலையில் அவர் குரோட்டன்ஸ் செடியிடம் அதைச் சொன்னார். சாயங்காலத்துக்குள் மூன்று பெண்கள் ஆறுதல் சொல்ல வந்துவிட்டார்கள்.

தெருவுக்குத் தெரிந்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். இத்தனை வருஷமும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் பக்கத்தில் வந்து ஒரு வார்த்தை சொல்லாமல், அதைப் போய் ஒரு செடியிடம் சொல்லியிருக்கிறார். வீட்டில் அவளோடு அவர் பேசுவது ஒரு நாளைக்கு மூன்று சொல். சோறு. தண்ணி. வாரேன். மனம் விட்டுப் பேச ஒரு தகர டப்பா இருக்கும்போது பெண்டாட்டி எதற்கு?

அந்த வாரமே கிளம்பிவிட்டாள். ஏன் என்று அவரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் டப்பா ஒன்று தரையில் இழுபட்டது.

"குரோட்டன்ஸு, இப்பிடி கிட்ட வா. உன்கிட்ட ஒரு ரகசியம். வெளிய விட்டுறாத, என்ன?"

தெருக்குழாயில் ஒன்பது நாளைக்கப்புறம் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. குடம் வைத்திருந்தவள் சத்தம் கேட்காமல் இருக்கக் குழாயைப் பாதியாகத் திருகினாள். ஷரீஃபுன்னிசா அடுப்பிலிருந்த குக்கரை இறக்கி வைத்தாள்.

"நேத்து லீவு போட்டுட்டு மருதைக்குப் போனேன். எளிலுகிட்டகூடச் சொல்லல. காது மெஷின் வாங்கியாந்துட்டேன்."

எழில் வெங்காயத்தைக் கீழே போட்டாள். "சத்தியமா எனக்குத் தெரியாதும்மா."

"யா அல்லா!" என்று மார்பில் கை வைத்தாள் ஷரீஃபுன்னிசா. "அத மாட்டுனா அண்ணனுக்கு அவுக பேசுறது கேட்டுருமே! பெருநாளைக்கு நாங்க குடுத்த பிரியாணியில உப்பு கூடன்னு துளசிச் செடிகிட்ட சொன்னாக. அன்னியிலருந்து அளந்து போடுறேன். அது எனக்குக் கேட்டுச்சுன்னு தெரிஞ்சா அந்த மனுசன் அப்புறம் என் மூஞ்சியில முளிப்பாகளா?"

"ஸ்ஸ், அத்தை!"

"டாக்டரம்மா அளவெல்லாம் பாத்துட்டு, மாட்டி விடுறேன்னாக. வேணாந்தாயி, வீட்டுல போயி மாட்டிக்கிறேன்னுட்டேன். மொத மொதல்ல கேக்குறது பஸ் ஸ்டாண்டு சத்தமா இருக்க வேணாம் பாரு. வீட்டுக்கு வந்தேன். டப்பாவத் தொறந்தேன். அப்பத்தான் நெனப்பு வந்துச்சு. மாட்டிக்கிட்டு இங்கன எதைக் கேக்கப் போறேன்? எளிலும் வேலைக்குப் போயிட்டா அடுப்படியில சத்தமில்ல. கொலுசு இல்ல. இருமல்கூட இல்ல. கேக்காதவனுக்கு வீடு அமைதியா இருந்தா அது காது பண்ற வேலைன்னு சொல்லிக்கிறலாம். மாட்டுனப்புறமும் அமைதியா இருந்துச்சுன்னா நான் என்ன சொல்லிக்கிறது?"

செல்லத்தாய் பையைக் கீழே வைத்தாள். அவள் வைத்தது அவளுக்கே தெரியவில்லை.

குரல் தொடர்ந்தது. தாழ்த்திவிட்டதாக நினைத்திருப்பார் போல. எதிர்வீட்டு மாடிக்கு மட்டும்தான் இப்போது கேட்டிருக்கும்.

"உங்ககிட்டன்னா எனக்குப் பயமில்ல. நீங்க பதில் பேச மாட்டீக. பேசுன பதிலு என் காதுல விழாமப் போயிருச்சோன்னு நான் முளிச்சுக்கிட்டு நிக்க வேண்டாம். அவகிட்ட ஒண்ணு கேட்டா அவ சொல்லுவா. எனக்குக் கேக்காது. திருப்பிக் கேட்டா கத்துவா. களுத்து நரம்பு பொடைக்கும். கல்யாணமான புதுசுல அவ பேச்சு எப்பிடி இருக்கும் தெரியுமா? பக்கத்துல படுத்திருந்தாத்தான் கேக்கும். அம்புட்டு மெதுவு. அவளக் கத்த வெச்சவன் நாந்தான? அதான் ஒண்ணும் கேக்குறதில்லன்னு விட்டுட்டேன்."

தண்ணீர்ச் செம்பைத் தரையில் வைக்கும் சத்தம்.

"காது போனதுலருந்து அவ அளுதது எனக்கு ஒரு வருசமும் கேட்டதில்ல. முதுகு குலுங்குறதுதான் தெரியும். கிட்டப் போயி நின்னு, அவ ஏதாவது சொல்லி, அந்த நேரத்துல போயி, 'என்ன? என்ன சொன்னே?'ன்னு கேக்க முடியுமா? சொல்லு."

குரோட்டன்ஸ் ஒன்றும் சொல்லவில்லை. 

செல்லத்தாய் எழுந்தாள். முக்காடு நழுவித் தோளில் விழுந்தது. "அக்கா, மணி பத்தே முக்கால்" என்றாள் ஷரீஃபுன்னிசா, என்ன சொல்வதென்று தெரியாமல். "உங்க அண்ணன் வந்துருவாக."

"வரட்டும்" என்று செல்லத்தாய் கதவைத் திறந்தாள்.

கிரில் கதவு கிறீச்சிட்டது அவருக்குக் கேட்கவில்லை. குந்தி உட்கார்ந்து, ஈரத்துணியால் ஒரு இலையைத் துடைத்துக்கொண்டிருந்தார். தலையில் நரை கூடியிருந்தது. பனியனில் தோள்பக்கம் கிழிசல். தைக்கத் தெரியாமல் ஊக்கு குத்தியிருந்தார். அவளுடைய நிழல் இலையில் விழுந்ததும் நிமிர்ந்தார்.

வாய் திறந்தது. 

அவள் ஏதோ சொன்னாள். அவர் அவளுடைய உதட்டையே பார்த்தார். பிறகு ஒரு விரலை உயர்த்தினார், இரு என்பது போல. எழுந்து உள்ளே ஓடினார். ஐம்பது வயசு மனுஷன் அப்படி ஓடி அவள் பார்த்ததில்லை. திரும்பி வந்தபோது கையில் ஒரு சின்னப் பெட்டி. அவளிடம் நீட்டினார். எப்படி மாட்டுவது என்று தெரியவில்லை என்பதைக் கையாலேயே காட்டினார்.

அவளுக்கும் தெரியவில்லை. எழில்தான் பின்னாலேயே வந்து, அட்டையில் போட்டிருந்த படத்தைப் பார்த்து, வலது காதின் மேல் அதை மாட்டினாள். நகத்தளவு சுவிட்சைத் தள்ளினாள்.

அவர் கண்ணைச் சிமிட்டினார். தலை மெல்லத் திரும்பியது. குழாய்த் தண்ணீர் குடத்தில் விழுந்துகொண்டிருந்தது. எங்கோ ஒரு காகம்.

"கேக்குதா?" என்றாள் செல்லத்தாய்.

அவர் முகம் விரிந்த விதத்தை இன்னொரு நாள் நிதானமாக நினைத்துப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

"கேக்குது!" என்றார். சொன்ன வேகத்தில் திடுக்கிட்டுப் பின்னால் திரும்பிப் பார்த்தார். "யாருலே அது, கத்துறது?"

யாருமில்லை. மறுபடியும் திடுக்கிட்டார். மெதுவாகக் கையைத் தொண்டையில் வைத்துக்கொண்டார்.

எதிர்மாடியில் நின்றவர் அவசரமாகக் கொடியில் இல்லாத துணியை எடுத்தார். குழாயடிப் பெண் குடத்துக்குள் எதையோ தேடினாள். ஷரீஃபுன்னிசா ஜன்னல் திரையை இழுத்தாள். சோலைமலை ஒவ்வொருவராகப் பார்த்தார். டப்பாக்களைப் பார்த்தார். கடைசியாகப் பெண்டாட்டியைப் பார்த்தார். இத்தனை நாளுமா என்று அந்தப் பார்வை கேட்டது.

பொய் சொல்லியிருக்கலாம். அவளால் முடியவில்லை. தலையாட்டினாள்.

விறுவிறுவென்று அவர் உள்ளே போய்விட்டார்.

"அம்மா, ஏம்மா தலையாட்டுனே?" என்று எழில் அழ ஆரம்பித்தாள். செல்லத்தாய் மகளை அங்கேயே நிறுத்திவிட்டுப் பின்னால் போனாள்.

கரெண்ட் இல்லாத அறை. சுவரோரம் உட்கார்ந்திருந்தார். மெஷினைக் கழற்றி எறிந்திருப்பார் என்று பயந்தாள். காதில்தான் இருந்தது. அவர் உதடு அசைந்தது. அவளுக்குக் கேட்கவில்லை.

"என்ன?" என்றாள்.

மறுபடியும் அசைந்தது. அவள் கிட்டப் போய், குந்தி, காதைக் கொடுக்க வேண்டியிருந்தது.

"பையனப் பத்திச் சொன்னதும்... கேட்டுச்சா எல்லாத்துக்கும்?" மூச்சுக்காற்று அளவுதான் சத்தம்.

"ம்."

"அதுக்குத்தான் போனியா?"

இல்லை என்று தலையசைத்தாள்.

"பின்ன?"

கண் நிறைந்துவிட்டது அவளுக்கு. நாலு மாதமாக மனசுக்குள் ஆயிரம் தரம் சொல்லிப் பார்த்த பதில். வாய்க்கு வர மறுத்தது. என்கிட்ட ஏன் சொல்லல என்ற மூன்றே வார்த்தைதான்.

தெருமுனையில் ஹாரன் அடித்தது. ஒரு தரம். இரண்டு தரம்.

அவளைவிட முன்னால் தலையைத் திருப்பினவர் அவர்தான்.

"மச்சான் வண்டியாத்தான் இருக்கும்" என்றார். கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். "நாளைக்குக் கோயமுத்தூர் போறியாமே. எளிலு கையிலயே எளுதிக் காட்டுச்சு."

 மூன்றாம் தரம் ஹாரன் நீளமாக அடித்தது.

"போறதுன்னா போ செல்லம். நான் மறிக்கல. இதுக்குப் பதில் மட்டும் சொல்லிட்டுப் போ" என்று அவர் இன்னும் கொஞ்சம் நகர்ந்து, வலது காதை அவள் பக்கம் திருப்பினார். "கத்த வேணாம். மெதுவாவே சொல்லு. எனக்குக் கேக்கும்."